காரணம் கேட்கப்படாத சீட்டு

ரகசியத்தைக் காப்பாற்றிய அரசுகள் உலகத்தில் பல உண்டு. ஆனால் ஒரு ரகசியத்துக்கு நிறம் கொடுத்து, வரிசை எண் கொடுத்து, மூன்று பிரதி எடுத்து, முத்திரையும் குத்திக் காப்பாற்றிய பெருமை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை ஒன்றுக்கே உரியது. அந்தப் பெருமையைத் தேடித் தந்தவர் திரு. வீரராகவன். பாலியல் நலத் திட்டத்தின் வட்டார ஒருங்கிணைப்பாளர். ஆரணிப் பக்கம் பத்து ஏக்கர் நெல் விளையும் குடும்பம். மென்மையானவர், நெற்றியில் திருமண் மாறாதவர். அந்தப் பதவியில் இருந்த நான்கு வருடமும் தன் திட்டத்தின் பெயரை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லாதவர். ‘மேற்படி விஷயம்’ என்பார். கோப்புகளிலும் அப்படியே எழுதுவார். மேற்படி விஷயம் என்று தொடங்கும் கடிதத்தில் மேலே படித்துப் பார்த்தால் எதுவும் இருக்காது.

அவருக்குக் கீழே வேலை பார்த்த செவிலியர் நர்மதாவுக்கு இந்த மகத்துவம் அவ்வளவாக எட்டவில்லை. எட்டு வருடம் ஊசி போட்டே காலம் கழித்தவள். எந்தக் கொள்கையை விளக்கினாலும் கடைசியில், “சரி சார், பேஷண்ட் எப்போ வரணும், எப்படி வரணும்?” என்று கேட்கும் கெட்ட பழக்கம் அவளிடம் இருந்தது.

எப்போது என்பதற்குக் கொள்கையில் பதில் இருந்தது. செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி முதல் ஒன்று வரை. அன்று மட்டும்தான் திருவள்ளூரிலிருந்து டாக்டர் வருவார்.

எப்படி என்பது கொஞ்சம் நீண்ட கதை.

‘மலர்ச்சி’ என்று பெயரிடப்பட்ட அந்த மையம் முதலில் ஊருக்குள், நூலகத்தை ஒட்டிய அறையில் தொடங்குவதாக இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் பதினான்கு பேர் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுத்தார்கள். ‘எங்கள் ஊரில் அப்படிப்பட்ட நோய் கிடையாது. மையம் வந்தால் வந்துவிடும்’ என்பது மனுவின் சாரம். மருத்துவ உலகம் இன்னும் கண்டுபிடிக்காத பரவல் முறை அது. வீரராகவன் மனுவை மதித்தார். மையம் தண்டவாளத்தைத் தாண்டி, மூடிப்போன ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. பஸ் கிடையாது. ஷேர் ஆட்டோ ரயில்வே கேட்டோடு நின்றுவிடும். அதற்கு மேல் கருவேல மரங்களும் நடையும்தான்.

வருகிறவர்களின் மானத்தைக் காக்க வேண்டும் என்பதற்காக அங்கே பெயர்ப்பலகை வைக்கப்படவில்லை. அதனால் வருகிற ஒவ்வொருவரும் ரயில்வே கேட் டீக்கடையில் வழி கேட்க வேண்டியிருந்தது. டீக்கடைக்காரர் தங்கமான மனிதர். யாரைப் பற்றியும் யாரிடமும் எதுவும் சொல்லமாட்டார். வழியை மட்டும் உரக்கச் சொல்வார்.

வீரராகவனின் அறையில் ஒரு வரைபடம் தொங்கியது. தொழிற்பேட்டையும் அதைச் சுற்றிய குடியிருப்புகளும் அதில் இருந்தன. மேட்டுக் காலனி சிவப்பு. கம்பெனி அதிகாரிகள் வசிக்கும், வாசலில் தடுப்புக் கம்பி போட்ட வில்லாக்கள் பச்சை. ரத்தப் பரிசோதனை முகாம்கள் எல்லாம் மேட்டுக் காலனியில்தான் நடந்தன. ஒன்பது முகாம். வில்லாக்களில் ஒன்றுகூட நடக்கவில்லை. அங்கே ஒரு நோயாளிகூட இல்லை என்பது இப்படித்தான் அறிவியல்பூர்வமாக உறுதியானது.

“சார், அங்க நாம டெஸ்ட்டே எடுக்கலியே,” என்று நர்மதா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

“எதுக்கும்மா எடுக்கணும்? அங்கதான் பூஜ்யமாச்சே.”

மேட்டுக் காலனி ஏன் சிவப்பு என்பதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. ‘விழிப்புணர்வு இல்லை’ என்பது அது. காலனிக்குப் பொதுக் கழிப்பறை ஒன்று. அதற்குத் தண்ணீர் வெள்ளிக்கு வெள்ளி. தெருவிளக்கு மூன்றில் ஒன்றுதான் எரியும். ‘காலனி’ என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். பஸ் என்னவோ இன்னமும் அந்தப் பழைய பெயரை நினைவு வைத்துக்கொண்டு அரை மைலுக்கு முன்னாலேயே திரும்பிவிடுகிறது. இவையெல்லாம் வேறு வேறு துறைகளின் கீழ் வருவன. விழிப்புணர்வு மட்டும் வீரராகவனின் துறை. ஆகவே காலனி மக்களுக்கு மாதம் ஒருமுறை விழிப்புணர்வு வழங்கப்பட்டது.

இலவச ஆணுறைப் பெட்டி ஒன்றும் உண்டு. தொழிற்பேட்டையிலேயே பெரிய கம்பெனியின் வாசலில் அதை மாட்டியிருந்தார்கள். காரின் உள்ளே ஓடும் வயர்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தரும் கம்பெனி அது. முந்நூறு பெண்கள், நூறு ஆண்கள். பெட்டியை யாரும் திருடிவிடக் கூடாது என்று அதற்கு நேர் எதிரே ஒரு கேமரா வைத்தார்கள். பெட்டி ஏழு மாதமாக நிரம்பியே இருந்தது. ‘பணியாளர்களின் ஒழுக்கம் போற்றத்தக்கது’ என்று அரையாண்டு அறிக்கையில் வீரராகவன் எழுதினார்.

சீட்டு பிறந்தது இதற்குப் பிறகுதான்.

அதுவரை வேலை நேரத்தில் வெளியே போக வேண்டிய பெண்கள் சூப்பர்வைசரிடம் சாதாரண அவுட்பாஸ் வாங்குவார்கள். அதில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். வயிற்றுவலி, பல்வலி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுதுவார்கள். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் கம்பெனியில் பல்வலி அதிகமாக இருக்கும். மாதத்துக்கு நாற்பது பேர் இப்படிப் பல்லைப் பிடித்துக்கொண்டு தண்டவாளம் தாண்டி நர்மதாவிடம் வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

இது தெரிய வந்தபோது வீரராகவன் மனம் வருந்தினார். கம்பெனியின் பணியாளர் பிரிவு மேலாளர் சரவணகுமாரை வைத்துக்கொண்டு கூட்டம் போட்டார். சமோசா வந்தது.

“ஒரு நோயாளி பொய் சொல்ற நிலைமைக்கு நாம தள்ளலாமா? மேற்படி விஷயத்துக்குப் போறவங்களைக் காரணமே கேக்கக் கூடாது,” என்றார் வீரராகவன்.

“கேக்கலைன்னா சாதாரண பாஸோட கலந்துடும் சார். கணக்கு வராது,” என்றார் சரவணகுமார்.

“அப்ப தனிச் சீட்டு அடிச்சிடுவோம். காரணம்ங்கிற கட்டமே இல்லாத சீட்டு.”

“தனியாத் தெரியணும்னா கலர்ல அடிக்கணும் சார்.”

“கண்ணுக்கு இதமா இருக்கட்டும். ரோஸ் போடுங்க.”

நர்மதா வாயில் வைத்த சமோசாவைக் கீழே வைத்தாள். “சார், காரணம் கேக்காத சீட்டு அது ஒண்ணுதான்னா, அத எடுத்தாலே காரணம் தெரிஞ்சிடுமே.”

இருவரும் அவளைக் கனிவோடு பார்த்தார்கள். களப்பணியாளர்களுக்குக் கொள்கை சட்டென்று பிடிபடாது என்பதை இருவருமே அறிவார்கள்.

அடுத்த வாரம் ஐம்பது ரோஸ் சீட்டுகள் தயாராயின. கேட்டில் ஓர் அறிவிப்பும் ஒட்டப்பட்டது. ‘ரோஸ் சீட்டு பெறுவோரிடம் எவரும் எக்காரணம் கொண்டும் காரணம் கேட்கக் கூடாது.’ கூடவே இன்னொரு வரி: ‘செவ்வாய்க்கிழமைகளில் மருத்துவத்துக்காக வெளியே செல்ல ரோஸ் சீட்டு மட்டுமே செல்லும்.’ பல்வலியின் கதை அன்றோடு முடிந்தது.

முதல் செவ்வாயில் ஒரு பையன் துணிந்து சீட்டு வாங்கினான். கேட் காவலர் பச்சையப்பன் விதிப்படி ஒன்றும் கேட்கவில்லை. சீட்டைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், “ஓகோ,” என்றார். அவ்வளவுதான். சாயங்காலம் ஷிப்ட் முடிவதற்குள் பையனுக்கு ‘ரோஸ்’ என்று பெயராகிவிட்டது. மாதக் கடைசியில் அவன் வேலையை விட்டுவிட்டு ஆரம்பாக்கம் பக்கம் போய்விட்டான்.

அவனுக்குப் பிறகு யாரும் சீட்டு வாங்கவில்லை. சீட்டுக் கணக்கில் மூன்று மாதம் சுத்தமான பூஜ்யம்.

வீரராகவனுக்கு உடம்பெல்லாம் பூரித்தது. மாதம் நாற்பது நோயாளிகள் இருந்த இடத்தில், ஒரு மருந்தும் இல்லாமல், ஐம்பது துண்டுக் காகிதத்தால் நோயை ஒழித்தவர் வேறு யார் இருக்கிறார்கள்? ‘மேற்படியற்ற தொழிற்பேட்டை’ என்று சான்றிதழ் வழங்க மாவட்டமும் முடிவு செய்தது. விழா வெள்ளிக்கிழமை.

அந்த வெள்ளிக்கு மூன்று நாள் முன்னால் வரும் செவ்வாய்தான் நர்மதாவின் தொண்டையில் முள்ளாய் நின்றது. காரணம் ஷைனி.

ஷைனிக்கு இருபத்து நாலு வயது. மேட்டுக் காலனி. அதே வயர் கம்பெனியில் ஒப்பந்த வேலை. ஐந்து மாதக் கர்ப்பம். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ் என்று வந்திருந்தது. வாரம் ஒன்றாக மூன்று ஊசி. மூன்றும் போட்டுவிட்டால் குழந்தைக்குப் பெரும்பாலும் பயமில்லை. இடையில் ஒன்று தவறினால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் வயிற்றில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. சிலருக்கு அந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்பதால் டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதுதான் போட வேண்டும். அதாவது செவ்வாய், பத்திலிருந்து ஒன்று.

முதல் இரண்டு செவ்வாயும் அவளுக்கு நைட் ஷிப்ட். காலையில் வேலை விட்டு, முக்காடு போட்டுக்கொண்டு, டீக்கடையைச் சுற்றி வயல் வரப்பு வழியாகவே வந்து போட்டுக்கொண்டு போய்விட்டாள். வேலை நேரம் இல்லாததால் சீட்டும் இல்லை, சீட்டுக் கணக்கிலும் அவள் ஏறவில்லை. மூன்றாவது செவ்வாய்க்கு ஷிப்ட் மாறிவிட்டது. காலை ஆறிலிருந்து இரண்டு.

சனிக்கிழமை போன் செய்தாள்.

“சிஸ்டர், இந்த வாட்டி வர முடியாது போலக்குது.”

“லீவு போடேன்.”

“செக்கப்புக்குன்னு ஏற்கெனவே ரெண்டு நாளு போட்டாச்சி. இன்னொண்ணு போட்டா எம் மிஷின்ல வேற ஆள வெச்சிடுவாங்க.”

“அந்தச் சீட்டு...”

“அத்த வாங்குறதுக்கு நானே மைக் வெச்சிச் சொல்லிடலாம் சிஸ்டர். பச்சையப்பண்ணன் எங்க தெருதான். நா ஊசி போட்டுக்கினு ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள எங்க மாமியாரு மூட்டை கட்டி வெளிய வெச்சிருப்பாங்க.”

“உன் வீட்டுக்காரர் ஸ்டீபன்?”

“அவரு மூணு ஊசியும் போட்டுக்கினாரு. அவரு இரும்பு பவுண்டரில எப்பவும் நைட்டு. ஆம்பளய யாரு இன்னான்னு கேக்கப் போறா? அவராண்டேந்து வந்தத நாந்தான் ஒளிச்சிக்கினு கெடக்கறேன். ஒரு வாரம் தள்ளிப் போட்டா பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவாதில்ல சிஸ்டர்?”

நர்மதாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. “செவ்வாய்க்கெழம நீ வர்ற. எப்படின்னு நான் பாக்கறேன்,” என்று வைத்துவிட்டாள். எப்படி என்பது அவளுக்கே தெரியாது.

நேரே வீரராகவனிடம் போனாள். சான்றிதழ் விழாவுக்கு மாலை எத்தனை முழம் என்று அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“சார், ஒரு கர்ப்பிணிக்கு மூணாவது ஊசி.”

அவர் சட்டென்று காதுகளைப் பொத்திக்கொண்டார். “பேரைச் சொல்லாதேம்மா. ரகசியம்.”

“சொல்லல சார். வர்ற செவ்வாய் ஒரு நாள் மட்டும் டாக்டரை மூணு மணி வரைக்கும் இருக்கச் சொன்னா, ஷிப்ட் முடிஞ்சி வந்துடுவாங்க.”

வீரராகவன் இரக்கமில்லாதவர் அல்லர். உண்மையாகவே யோசித்தார். “நேரத்தை மாத்தணும்னா ஃபைல் போடணும். ஃபைல் போட்டா யாருக்காகன்னு மேலே கேப்பாங்க. சொன்னா ரகசியம் போச்சு. ஆக, அந்தப் பொண்ணோட நன்மைக்காகத்தான் நேரத்தை மாத்த முடியலை. புரியறதா?”

“புரியுது சார். ஊசி?”

“அவங்களுக்கு நாம சீட்டு குடுத்திருக்கோமே.” குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணும் இருக்கு. மூணு மாசப் பூஜ்யம். வெள்ளிக்கெழம விழா. இவங்க ஒருத்தர் சீட்டோட வந்தா பூஜ்யம் ஒண்ணாயிடும். ஒண்ணுக்கு யாரும் சர்ட்டிபிகேட் குடுக்க மாட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு வரச் சொல்லேன்.”

ஞாயிற்றுக்கிழமை நர்மதா மேட்டுக் காலனிக்குப் போனாள். ஷைனியை நேரில் பார்த்து, வேலை போனாலும் பரவாயில்லை லீவு போடு என்று கெஞ்சிப் பார்க்கலாம் என்பது அவள் எண்ணம். தெருமுனையில் ஸ்கூட்டியை நிறுத்தியதுமே சிக்கல் புரிந்தது. அவள் யார் என்று தெருவுக்கே தெரியும். எந்த வீட்டுப் படியை மிதிக்கிறாளோ அந்த வீட்டுக் கதை முடிந்தது.

ஆகவே முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். “பிரஷர் பாக்கறோம்” என்று சொல்லி, முப்பத்தொரு வீட்டிலும் ஏறி இறங்கினாள். ஆறு வீட்டில் டீ குடித்தாள், ஒரு வீட்டில் நாஷ்டா சாப்பிட்டாள், ஒரு வீட்டில் சேவலுக்குச் சளி என்று காட்டினார்கள், அதையும் பார்த்தாள். பத்தொன்பதாவது வீட்டில் ஷைனியின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கும் நேரத்தில், மாமியார் தண்ணீர் எடுக்கப் போன இடைவெளியில், இரண்டு நிமிடம் பேச முடிந்தது. ஷைனி தலையை மட்டும் ஆட்டினாள். முடியாது என்று ஆட்டினாள்.

கடைசி வீடு முத்தம்மாவுடையது. ஐம்பது வயது. வயர் கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து பேக்கிங்கில் இருப்பவள். அவள் குரலுக்குக் கம்பெனி சைரன் அடங்கும் என்பார்கள்.

“நர்சம்மா, முப்பத்தோரு ஊட்லயும் பிரஷர் பாத்துக்கினு வர்ற,” என்றாள் முத்தம்மா, கையை நீட்டியபடி. “எந்த ஊட்டுக்காக வந்த?”

“எல்லா வீட்டுக்கும்தான்.”

“நா இன்னா நேத்து பொறந்தவளா?”

நர்மதா பட்டைக்குக் காற்றடித்தாள்.

“வாணாம், சொல்லாத. சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா நா சொல்லிடுவேன். எம் வாயி எனக்குத் தெரியாதா?” முத்தம்மா கொஞ்சம் யோசித்தாள். “எங்க ஆளு ஒருத்தி அந்தத் தண்டவாளத்தாண்ட ஆஸ்பத்திரிக்கு வரணும். அந்த ரோஸு கருமத்தால வர முடியல. அவ்ளோதான விசயம்?”

“பிரஷர் கொஞ்சம் ஜாஸ்தி இருக்குக்கா. உப்பைக் கொறைங்க,” என்றாள் நர்மதா.

“கொறச்சிக்கறேன். எப்போ வரணும்? அத்த மட்டும் சொல்லு.”

“செவ்வாய்க்கெழம. பத்துலேர்ந்து ஒண்ணு.”

“சரி போ. முப்பத்தோரு ஊட்டுக்குப் போனா எந்த ஊடுன்னு தெரியாது. நல்லாத்தான் கத்துக் குடுக்கற.”

செவ்வாய்க்கிழமை பத்தரை வரைக்கும் மலர்ச்சி மையத்தில் மலர்ச்சி ஒன்றும் இல்லை. டாக்டர் செய்தித்தாளை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தார். ஊசி மருந்து குளிர்பெட்டியில் இருந்தது. நர்மதா ஜன்னலில் இருந்தாள்.

பத்தே முக்காலுக்கு டீக்கடைக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“சிஸ்டர், ஒரு ஜனமே வருது. எனக்கு வழி சொல்லக்கூட வேல இல்ல.”

அடைத்த ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு சரக்கு ரயில் போய் முடிவதற்காக, கம்பெனியின் நீலக் கோட்டோடு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ரயில் போனது. கேட் திறந்தது. நீலக் கோட்டுகள் தண்டவாளத்தைத் தாண்டி, கருவேல மரங்களைத் தாண்டி, ஐஸ் கம்பெனியைச் சுற்றிக்கொண்டு வந்தன. நூற்றுப் பன்னிரண்டு பேர். முன்னால் முத்தம்மா. எல்லோர் கையிலும் சீட்டு.

“எப்படிக்கா விட்டாங்க?”

“உடாம இன்னா பண்ணுவாங்க? ஒம்போது மணிக்குப் போயி, எனக்கு ஒரு ரோஸு குடுன்னேன். அந்த சரவணகுமாரு வாயத் தொறந்தாரு. செவுத்தக் காட்னேன். காரணம் கேக்கக் கூடாதுன்னு அவரே எழுதி ஒட்டிக்கிறாரு. எம் பின்னால ஒருத்தி, அவ பின்னால ஒருத்தி. நாப்பத்தொம்போது பேரோட ரோஸு தீந்துபோச்சி. அப்புறம் மீதிப் பேருக்கு வெள்ளத் தாளுல ‘ரோஸ்’னு எழுதிக் குடுத்துக்கினு இருந்தாரு, பாவம். கையி வலிச்சிருக்கும்.”

“பச்சையப்பன்?”

“அவன் ‘ஓகோ’ன்னு ஆரம்பிச்சான். வரிசையில ஏழாவது ஆளு அவன் பொண்டாட்டி. வாயத் தொறந்தா மொத்துவா. அப்படியே முழுங்கிட்டான்.”

நர்மதா ஒவ்வொருவராகக் கதவைச் சாத்தி உள்ளே அழைத்தாள். டாக்டர் செய்தித்தாளை மடித்தார். முதல் இருபது பேர் உள்ளே வந்து, சிரித்து, பிரஷர் பார்த்துக்கொண்டு போனார்கள். ஷைனி எத்தனையாவதாக வந்தாள் என்பதை நர்மதா எந்தப் பதிவேட்டிலும் அடையாளம் தெரியும்படி எழுதவில்லை. ஊசி இறங்கும்போது ஷைனி பல்லைக் கடித்துக்கொண்டாள். கண் கலங்கியது வலியால்தான். மூன்றாவது ஊசி முதல் இரண்டை விட வலிக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஊசி போட்டுக்கொண்டவர்கள் அரை மணி நேரம் உட்கார வேண்டும் என்பது விதி. ஷைனி மட்டும் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். முத்தம்மா விதியைக் கேட்டுக்கொண்டாள். “ஏய், எல்லாரும் அர அவரு குந்துங்க. குந்தாம போனா மயக்கம் வருமாம்,” என்று குரல் கொடுத்தாள். நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஐஸ் கம்பெனிச் சுவர் நிழலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருத்திக்கு மயக்கமே வந்துவிட்டது. பிரஷர் மட்டும் பார்த்துக்கொண்டவள் அவள்.

இதுவரைதான் திட்டம். ஆனால் நாற்பதாவது ஆளோ என்னவோ, உள்ளே வந்து, சிரிக்காமல், கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

“சிஸ்டர், நா சும்மா தொணைக்குத்தான் வந்தேன்,” என்றாள்.

“தெரியும்மா.”

“வந்தது வந்தேன். ஆறு மாசமா எனக்கு ஒண்ணு இருக்குது. கேக்கலாமா?”

அவளைப் போலத் துணைக்கு வந்தவர்களில் பதினேழு பேர், வந்தது வந்தோம் என்று கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். எரிச்சல் என்றார்கள், புண் என்றார்கள், அடிவயிற்றில் வலி என்றார்கள். கழிப்பறையில் தண்ணீர் இல்லாததால் வந்தது என்று ஒருத்தி நினைத்திருந்தாள். சாமி குற்றம் என்று ஒருத்தி. மூன்று பேர் சீட்டு வருவதற்கு முன் பல்வலி சொல்லிவிட்டு வந்து, பாதி மருந்தோடு நின்றுபோனவர்கள். யார் யார் என்று இந்தக் கதை சொல்லாது. இதற்கும் ஒரு ரகசியக் கொள்கை உண்டு.

பன்னிரண்டரைக்கு ஜீப் வந்தது. வீரராகவன் இறங்கினார். சுவர் நிழலில் நீளமாக உட்கார்ந்திருந்த பூஜ்யத்தைப் பார்த்தார். முகம் வெளிறி, திருமண் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

“எல்லாருக்குமா மேற்படி விஷயம்?” என்று முத்தம்மாவிடம் கேட்டார்.

“கேக்கக் கூடாது சார். செவுத்துல போட்டுக்குது.”

“நான் காரணம் கேக்கலைம்மா. ஏன் வந்தீங்கன்னுதான் கேக்கறேன்.”

“நீங்கதான ரகசியமா வரச் சொன்னீங்க. நாங்க ரகசியமா வந்துக்கினு இருக்கறோம்.”

நூற்றுப் பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். வீரராகவனும் மரியாதைக்காகச் சிரித்தார். பிறகு நிழலில் போய் நின்று, மாலையை வேண்டாம் என்று சொல்வதற்குப் போனை எடுத்தார்.

வியாழக்கிழமை திருவள்ளூரில் அவசரக் கூட்டம். வரைபடத்தைக் கொண்டு வந்திருந்தார்கள். தொழிற்பேட்டைக்குச் சிவப்பு போதவில்லை என்று கருஞ்சிவப்பு அடித்திருந்தது. வில்லாக்கள் அப்படியே பச்சையாக இருந்தன. ‘திடீர்ப் பரவல்’ என்று ஒருவர் சொன்னார். ‘பெண்களிடம் ஒழுக்கக் குறைவு’ என்று சரவணகுமார் அனுப்பிய குறிப்பை வாசித்தார்கள். மூன்று மாதம் ஒருவர்கூட இல்லை, ஒரே நாளில் நூற்றுப் பன்னிரண்டு என்றால் நோய்க்கிருமி ரயிலில் வந்திருக்க வேண்டும் என்று இன்னொருவர் கருதினார். வீரராகவன் எழுந்து, சீட்டின் நிறம்தான் கூட்டத்தைக் கவர்ந்துவிட்டது, இனி சாம்பல் நிறத்தில் அடிக்கலாம் என்று யோசனை சொன்னார். குறித்துக்கொண்டார்கள். அந்தப் பதினேழு பேருக்கு அடுத்த செவ்வாய் மருந்து வேண்டும் என்று நர்மதா சொன்னாள். அதையும் குறித்துக்கொண்டார்கள், ‘இதர விஷயங்கள்’ என்ற தலைப்பின் கீழே.

கடைசியில் தலைமை வகித்த அதிகாரி மூன்று பக்க விளக்கப் படிவம் ஒன்றை நர்மதாவின் பக்கம் தள்ளினார். ‘ஒரே நாளில் நூற்றுப் பன்னிரண்டு பேர் மையத்துக்கு வர நேர்ந்ததன் காரணம் (விரிவாக)’ என்று அச்சடித்திருந்தது. கீழே மூன்று பக்கமும் கோடு போட்ட வெற்றிடம்.

“நல்லா யோசிச்சு எழுதும்மா,” என்றார் வீரராகவன் தாழ்ந்த குரலில். “திட்டத்துக்குக் கெட்ட பேர் வந்துடக் கூடாது.”

நர்மதா யோசித்தாள். பேனாவைத் திறந்தாள். முதல் கோட்டில் பாதியைக்கூட நிரப்பாமல் மூடினாள்.

‘ஒருவர் வர வேண்டியிருந்தது’ என்று எழுதியிருந்தாள்.